மைசூர் என்ற பெயரில் ஆடியவர்கள்

இந்திய மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கோப்பைக் கால்பந்துப் போட்டி 1941இல் தொடங்கியது. அதன் வெற்றியாளர் பட்டியலில் ‘மைசூர்’ என்ற பெயர் 1946-47, 1952-53, 1967-68, 1968-69 ஆகிய பருவங்களில் நான்கு முறை இடம்பெறுகிறது. பெயரைக் கண்டு அரண்மனை நகரை எண்ணுவது இயல்பு. ஆயினும் அவ்வணியின் வலிமை பெரிதும் பெங்களூர் கண்டோன்மென்ட்டின் தெருக்களிலிருந்து வந்தது. ஒரு நகரின் எளிய மக்களுக்குக் கால்பந்து ஏன் இத்துணை முக்கியமாயிற்று என்பதை அறிய, இந்தப் பெயருக்கும் அந்தத் தெருக்களுக்கும் இடையிலான தொலைவே நல்ல தொடக்கம்.

ஸ்ரீரங்கப்பட்டணம் 1799இல் வீழ்ந்தது. பத்தாண்டுகளில், 1809இல், ஆங்கிலேயப் படை பெங்களூரில் நிலைகொண்டது. படையைப் பின்தொடர்ந்து, சென்னை மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களிலிருந்து கூலித் தொழிலாளரும் சமையற்காரரும் வணிகரும் குடியேறினர். தமிழும் தக்கினி உருதுவும் அல்சூர், சிவாஜி நகர்ப் பகுதிகளின் அன்றாட மொழிகளாயின. 1881இல் மைசூர் அரசு உடையார்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோதும், கண்டோன்மென்ட் மட்டும் ‘சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன்’ என்ற பெயரில் ஆங்கிலேயர் நிர்வாகத்திலேயே நீடித்தது. 1947 ஜூலையில்தான் அது மைசூருடன் இணைந்தது. அதாவது, ‘மைசூர்’ முதன்முதலாகக் கோப்பையை வென்ற பருவத்தில் கண்டோன்மென்ட் மைசூர் நிர்வாகத்தின்கீழ் இருக்கவில்லை. ஆட்சி எல்லை இணைவதற்கு முன்பே, ஆடுகளத்தில் அந்தப் பெயர் அம்மக்களுடையதாகிவிட்டது.

கால்பந்தை இங்குக் கொண்டுவந்தவை படைப்பிரிவுகள். உள்ளூர் இளைஞர்கள் அவ்வணிகளைப் பார்த்தும், பின்னர் அவற்றை எதிர்த்து ஆடியும் கற்றனர். மட்டையும் காலுறையும் ஆடுகளப் பராமரிப்பும் வேண்டிய கிரிக்கெட்டைப் போலன்றி, ஒரு பந்தும் வெறுங்காலும் இதற்குப் போதும். பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை நெடுங்காலம் ஆங்கிலேயப் படையணிகளின் உடைமைபோலவே இருந்தது. 1937இல் ‘பெங்களூர் முஸ்லிம்ஸ்’ அணி அதை வென்றது. மறு ஆண்டும் தக்கவைத்தது. படைவீரர்களின் துணி துவைத்தும் குதிரைகளைப் பராமரித்தும் வாழ்ந்தோரின் ஊர், அவர்களது விளையாட்டிலேயே அவர்களுக்கு நிகராக நின்றதன் பொருள் கோல் கணக்கில் அடங்குவதன்று.

1948 ஜூலை 31 அன்று லண்டன் ஒலிம்பிக்கில், பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய இந்திய அணி பிரான்சிடம் 1-2 எனத் தோற்றது. இரண்டு பெனால்டி வாய்ப்புகள் வீணான அந்த ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அதுவே. ராமன் மைசூர் அணிக்காக ஆடியவர்.

சுதந்திரத்திற்குப் பின் கால்பந்து பிழைப்புக்கும் வழியாயிற்று. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் அணிகளை நடத்தி, ஆட்டக்காரர்களுக்கு வேலையும் அளித்தன. மாதச் சம்பளமே அரிதாயிருந்த குடியிருப்புகளில் மைதானம் ஒருவகைப் பள்ளிக்கூடமாயிற்று. திறன் மிக்கோர் கல்கத்தாவுக்கும் சென்றனர். அகமது கான் ஈஸ்ட் பெங்கால் அணியின் புகழ்பெற்ற ‘பஞ்ச பாண்டவர்’ முன்வரிசையில் ஒருவரானார். மோகன் பகானில் ஒளிர்ந்த அருமைநாயகம், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் இடம்பெற்றார். இரசிகனுக்கு இவர்கள் எட்டாத் தாரகைகளல்லர். அடுத்த வீட்டுப் பிள்ளைகள். தெருவில் ஒருவனின் வெற்றி, தெருவுக்கே கிடைத்த சான்றிதழாகக் கருதப்பட்டது.

இவ்வுணர்வின் கண்கூடான அடையாளம் அல்சூரை ஒட்டிய கௌதமபுரம். தமிழ் பேசும் உழைக்கும் மக்கள் பெருமளவில் வாழும் இங்கு அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு பெலேயின் சிலையும் நிற்கிறது. வறுமையில் பிறந்த ஒரு கறுப்பினச் சிறுவன் உலகை வென்ற கதையை இத்தெரு தன் கதையாக வாசித்திருக்கிறது. அம்பேத்கருக்கு அருகே பெலேயை நிறுத்தியது வெறும் விளையாட்டு ஆர்வமன்று. அது ஓர் அரசியல் வாசிப்பு.

எனினும் கால்பந்தை ஒற்றுமையின் அருமருந்தாகப் புனைவது பிழை. மொழிவாரி மாநில அமைப்புக்குப் பின் இம்மக்கள் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர். 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலை ஒட்டிப் பெங்களூரில் தமிழர்மீது வன்முறை எழுந்தபோது, மாநிலத்திற்கு வென்று தந்த கோப்பைகள் எவரையும் காக்கவில்லை. மைதானம் அளித்த உரிமையைத் தெரு எப்போதும் ஏற்பதில்லை.

2023 மார்ச் 4 அன்று ரியாத்தில் மேகாலயாவை 3-2 என வென்று, 54 ஆண்டுகளுக்குப் பின் கர்நாடகம் சந்தோஷ் கோப்பையை மீட்டது. செய்திகள் பழைய வெற்றிகளையும் நினைவுகூர்ந்தன. அவற்றை ஈட்டிய தெருக்களின் பெயர்கள் வெற்றிப் பட்டியல்களில் இல்லை. அரசு ஆவணங்கள் இம்மக்களைப் பெரும்பாலும் கூலிப்பதிவிலும் குடிக்கணக்கிலுமே காட்டுகின்றன. இவர்கள் தம்மைப் பற்றித் தாமே பேணிய வரலாறு, யார் எந்த ஆண்டில் எவரை வீழ்த்தினர் என்ற இரசிகர் நினைவில்தான் எஞ்சியுள்ளது. அதைப் பதிவு செய்ய வேண்டியது விளையாட்டு எழுத்தாளரின் வேலை மட்டுமன்று. சமூக வரலாற்றாசிரியரின் கடமையும்கூட. முதிய தலைமுறை மறையுமுன் அது நிகழ வேண்டும்.