கதிரவன் மேல் ஒரு பழி

வானம் பொய்த்தது, விதி! வயல் வெடித்தது, விதி! வயிறு எரிந்தது, விதி! பெற்ற பிள்ளை தாயின் மடியிலேயே மடிந்தது; அதுவும் விதி! நாடாண்டவன் அப்போது என்ன செய்துகொண்டிருந்தான் என்ற கேள்வி மட்டும் எழவில்லை. எழவேண்டிய கேள்வியை எழவொட்டாமல் தடுத்து, வாயடைத்து உட்காரவைக்கும் ஆற்றல் அந்த இரண்டெழுத்துச் சொல்லுக்கு உண்டு.

அந்தச் சொல்லோடு ஒரு வழக்கு நடத்த விரும்புகிறோம். வழக்கு மன்றம், பழனி மலைத்தொடர். அடிவாரத்திலே காவடி சுமந்து கால்கடுக்க நடந்துவரும் மக்கள். மலையின் மேலே கொடைக்கானல். ஏரியிலே படகு விட்டு, தூண்பாறையிலே நின்று பனியை வேடிக்கை பார்த்துத் திரும்புவோர் பலர். அவர்களிலே சிலர்தான், கடல் மட்டத்துக்கு 2,343 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஞாயிற்று ஆராய்ச்சிக் கூடத்தை எட்டிப் பார்க்கின்றனர். அந்தக் கூடம் எழுவதற்குப் பஞ்சம் ஒரு காரணம் என்பதை அறிந்தோர் அவர்களிலும் சிலரே!

ஆம், தோழர்களே! 1876-ல் பருவமழை பொய்த்தது. 1878 வரை தென்னாட்டை வாட்டி வதைத்தது பஞ்சம். தாது ஆண்டிலே தொடங்கியதால் 'தாது வருடப் பஞ்சம்' என்று நம் பாட்டன்மார் அதனை நடுக்கத்தோடு நினைவு வைத்திருந்தனர். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் மாண்டவர் தொகை 50 இலட்சத்துக்கும் மேல் எனக் கணக்கிடப்பட்டது. பிழைக்க வழி தேடி இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறியோர், ஏறுமுன்பே வழியிலே வீழ்ந்தோர், ஊரோடு பெயரும் அழிந்துபோனோர் எத்தனை எத்தனையோ!

அதே வேளையிலே, 1877 சனவரி முதல் நாள், டில்லியிலே தர்பார்! விக்டோரியா அரசியாரை இந்தியாவின் பேரரசி எனப் பறைசாற்றும் பெருவிழா! வைசிராய் லிட்டன் தலைமை தாங்க, வெடி முழங்க, விருந்து நடந்தது. தெற்கே பசி, வடக்கே பவனி! சென்னை அரசு, எதற்கும் இருக்கட்டும் என்று தானியம் வாங்கிச் சேர்க்க முற்பட்டது. வாணிகத்திலே அரசு கைவைக்கலாகாது என்று இந்திய அரசு தடுத்தது. சந்தை தானாகவே சரிசெய்யும் என்பது அவர்கள் தத்துவம். சந்தையோ விலையைப் பார்த்தது, வயிற்றைப் பார்க்கவில்லை. கப்பல்களிலே தானியம் சீமைக்குச் சென்றுகொண்டே இருந்தது!

பஞ்சத்தைப் பார்வையிட்டுச் செலவைக் கட்டுப்படுத்த அனுப்பப்பட்டவர் சர் ரிச்சர்டு டெம்பிள். இவரை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனெனில், இவர் பிறவியிலேயே கல்நெஞ்சர் அல்லர். 1873-74-ல் பீகாரிலே பஞ்சம் தலைகாட்டியபோது, வங்க மாகாணத் துணை ஆளுநராக இருந்த இதே டெம்பிள்தான், பர்மாவிலிருந்து ஏறத்தாழ 4½ இலட்சம் டன் அரிசியை வரவழைத்தார். அங்கே பட்டினிச் சாவு பெரும்பாலும் தடுக்கப்பட்டது. பாராட்டினார்களா? இல்லை! பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று பழித்தனர். உயிரைக் காத்ததற்குக் கிடைத்த பரிசு, ஊதாரி என்ற பட்டம்!

அந்தப் பட்டத்தைத் துடைத்துக்கொள்ளச் சென்னை மாகாணம் அவருக்குக் களமாயிற்று. பஞ்ச நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் மேற்செலவுக்குச் சிறு காசும் போதும் என்று விதித்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு! அதை உண்டு, மண் வெட்ட வேண்டும். கல் உடைக்க வேண்டும். உயிரோடும் இருக்க வேண்டும்! சோதித்துப் பார்ப்போம் என்றார். சோதனைக்கு வைக்கப்பட்ட பொருள், மனித உடல்!

எதிர்த்தவர் யார்? சென்னை மாகாணச் சுகாதார ஆணையர், மருத்துவர் கார்னிஷ். அவரும் வெள்ளையர்தான், அவரும் அரசாங்க ஊழியர்தான். ஆனால் அவர் முகாமிலே எலும்பும் தோலுமாக நின்றவனைப் பார்த்தார். உழைக்கும் உடலுக்கு எவ்வளவு உணவு வேண்டும், ஒரு பவுண்டு தானியம் ஏன் போதாது, பருப்பும் காய்கறியும் ஏன் வேண்டும் என்று மருத்துவ அறிவைக் கொண்டே வாதாடினார். சில திங்கள் சென்றபின் கூலியை உயர்த்தவும் நேர்ந்தது. அதற்குள் போன உயிர்கள் போனவைதாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெம்பிளிடமும் கணக்கு இருந்தது. கார்னிஷிடமும் கணக்கு இருந்தது. டெம்பிளின் கணக்கு கருவூலத்திலே தொடங்கிக் கருவூலத்திலே முடிந்தது. கார்னிஷின் கணக்கு கண்ணெதிரே நின்ற மனிதனிடமிருந்து தொடங்கிற்று. இரக்கம் அவரது அறிவை மழுக்கவில்லை. எதை அளக்க வேண்டும் என்பதை அறிவுக்கு எடுத்துக்காட்டிற்று. பகுத்தறிவும் பரிவும் பகைவர் என்போர், இந்த மருத்துவரின் வாதத்தை எண்ணிப் பார்க்கட்டும்!

சரி, கதிரவன் எங்கே வந்தான் இதிலே?

பழனி மலையிலே குறிஞ்சி பூக்கிறது. 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. 12 ஆண்டுக்கு ஒருமுறை மலை நீலமாகும் என்பதை, எந்தச் சோதிடரும் சொல்லாமல், எண்ணி எண்ணியே மலைவாழ் மக்கள் கண்டுகொண்டனர். ஞாயிற்றுக்கும் அப்படி ஒரு முறை உண்டு. அதன் முகத்திலே தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. செருமானிய நாட்டிலே மருந்துக் கடை நடத்திய சுவாபே என்பார், ஆண்டுக்கணக்கிலே நாள்தோறும் ஞாயிற்றைப் பார்த்துக் குறித்து, 1843-ல் இதனை வெளியிட்டார்.

பஞ்சம் கொழுந்துவிட்டு எரிந்த 1877-ல், வானியல் அறிஞர் லாக்யரும், இந்திய அரசின் புள்ளிவிவரத் துறைத் தலைவர் ஹண்டரும் ஒரு கருத்தை முன்வைத்தனர். சென்னையின் மழைக்கணக்கையும் கரும்புள்ளிக் கணக்கையும் பக்கத்திலே வைத்து, புள்ளிகள் குறையும் காலத்திலே மழையும் குறைகிறது, பஞ்சம் வருகிறது என்றனர். நேர்மையான ஐயம்தான் அது. உண்மையானால், வறட்சியை முன்கூட்டியே அறிந்து மக்களைக் காக்கலாம் அல்லவா! பஞ்சத்தை ஆராய்ந்த ஆணையம் 1880-ல் அறிக்கை தந்தது. வானிலைத் துறையின் பிளான்போர்டு, ஞாயிற்றை முறையாக ஆராய வேண்டும் என 1881-ல் வற்புறுத்தினார். மைக்கி சுமித் பழனி மலையிலும் நீலகிரியிலும் இடம் தேடினார். 1893-ல் கொடைக்கானல் என முடிவாயிற்று; 1901-ல் அங்கே ஆராய்ச்சி தொடங்கிற்று. அந்நாளிலே கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை கிடையாது. மலையேறிய பொருள்கள், ஆளும் மாடும் சுமந்து ஏறியவை. சுமந்தவர் பெயரை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை.

ஆயினும் அந்தக் கருத்திலே ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. பஞ்சத்துக்குக் கதிரவனே காரணம் என்றால், கணக்குக் கேட்கவேண்டிய இடம் அரியணை அன்று, வானம்! சனி பிடித்தது என்றான் சோதிடன். புள்ளி குறைந்தது என்றால் அது அறிவியல். ஆனால், ஆளுகிறவன் தப்பித்துக்கொள்ள இரண்டுமே பயன்படும். விதி பஞ்சாங்கத்தோடுதான் வரும் என்று நினைக்காதீர்கள்; தொலைநோக்கியோடும் வரும், புள்ளிவிவரத்தோடும் வரும். மக்கள் தொகை உணவை விட விரைவாகப் பெருகுகிறது என்று லிட்டன் கூறினாரே, அதுவும் கணக்கின் உடையணிந்த விதிதான்!

அறிவியலின் பெருமை என்ன தெரியுமா? தன் கருத்தைத் தானே சோதித்துத் தள்ளும் நேர்மை. இந்திய வானிலைத் துறைக்கு 1904-ல் தலைவரான கில்பர்ட் வாக்கர் கணித மேதை. கரும்புள்ளிக்கும் மழைக்கும் உள்ள உறவைக் கணக்கிட்டுப் பார்த்தார். நம்பத்தக்க உறவு கிட்டவில்லை. தேடலைத் தொடர்ந்தார்; இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக் பெருங்கடலுக்கும் இடையே காற்றழுத்தம் ஊசலாடுவதை 1920-களிலே கண்டறிந்தார். பசிபிக் கடல்நீர் வெதும்பும் எல் நினோவுடன் அந்த ஊசலை 1969-ல் இணைத்துக் காட்டினார் பியர்க்னெஸ். 1877-78-ல் வந்தது மிகக் கடுமையான எல் நினோ என்று இன்று அறிகிறோம். கதிரவன் மேல் போட்ட பழி நிற்கவில்லை!

கொடைக்கானல் கூடம் வீணாயிற்றா? இல்லை. 1909-ல் ஜான் எவர்ஷெட் அங்கிருந்து கரும்புள்ளியின் நிறமாலையை ஆராய்ந்தார். அங்கே வளி சுழல்கிறது என்றே பலரும் எண்ணியிருந்த காலம். அவர் கண்டதோ, புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கி ஓடும் ஓட்டம். எண்ணியதை விட்டார், கண்டதை எழுதினார். இன்றும் உலகம் அதனை 'எவர்ஷெட் விளைவு' என்றே வழங்குகிறது. நூறாண்டுக்கும் மேலாக அங்கே எடுத்துச் சேர்த்த ஞாயிற்றின் படங்கள், உலக ஆராய்ச்சியாளர்க்குக் கருவூலமாகப் பயன்படுகின்றன.

மழை பொய்ப்பது தற்செயல். குடிசையிலே பிறப்பதும் மாளிகையிலே பிறப்பதும் தற்செயல். ஆனால் மழை பொய்த்த ஊரிலே செத்தவர் யார்? நிலமற்ற கூலி, தறி ஓய்ந்த நெசவாளி. உழைப்போர்க்கு வேலையும் கூலியும் அற்றுப்போவதே பஞ்சத்தின் கொடுமை என்பதை 1880 ஆணையமே ஒப்புக்கொண்டது. நூறாண்டு கழித்து, 1981-ல், அமர்த்தியா சென் அதனை ஐயத்துக்கிடமின்றி நிறுவினார். தற்செயலை எவராலும் தடுக்க முடியாது; அதன் அடி எவர் தலையிலே விழுவது என்பதை மட்டும் மனிதர் வகுத்த அமைப்பே முடிவு செய்கிறது. அந்த முடிவுக்குத்தான் விதி என்று பெயர் வைத்தார்கள்!

1920-ல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே ஏழைச் சிறுவர்க்கு உணவிட்டது. 1956-ல் மதிய உணவு மாநிலத்தின் பிற பள்ளிகளுக்கும் பரவத் தொடங்கிற்று. 1982-ல் சத்துணவாக விரிந்தது. 2022-ல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. நியாய விலைக் கடையிலே அரிசி கிடைக்கிறது. பிறகும் மழை பொய்த்ததுண்டு, பயிர் கருகியதுண்டு. ஆனால் தாது ஆண்டின் பிணக்குவியலை நாம் காணவில்லை. வானம் மாறிவிட்டதா? கோள்கள் இடம் பெயர்ந்தனவா? மாறியது, மண்ணிலே மனிதர் செய்த ஏற்பாடு!

பகுத்தறிவுப் படையின் இளைஞர்களுக்கு இறுதியாக ஒன்று. 'எல்லாம் என் தலைவிதி' என்று பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அழுவாள். அவளிடம் சென்று தருக்க நூல் விரிக்காதீர்கள்; எள்ளி நகையாடாதீர்கள். அவள் வாயிலே அந்தச் சொல் கொள்கை அன்று, கூக்குரல். கேட்பதற்கு ஆளில்லாத ஊரிலே, வானத்தை நோக்கி அவள் எழுப்பும் முறையீடு. அருகே அமருங்கள்; கேளுங்கள்; கஞ்சிக்கு வழி செய்யுங்கள். அதே சொல்லை அரியணையிலே அமர்ந்தவன் சொன்னால், அது கூக்குரல் அன்று, குற்றவாளியின் எதிர்வாதம். அங்கே விரியுங்கள் தருக்க நூலை! குறுக்கு விசாரணை செய்யுங்கள்! கப்பலிலே போன தானியம் எவ்வளவு, களஞ்சியத்திலே இருந்தது எவ்வளவு, கூலி எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்!

ஊழுக்கு ஓர் அதிகாரம் தந்த வள்ளுவர், ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் தந்தார். தளராது முயல்வோர் ஊழையும் புறங்காண்பர் என்ற துணிவையும் அதிலே வைத்தார். அழுகின்றவரைக் கண்டால் நெகிழும் நெஞ்சமும், ஆளுகின்றவரைக் கண்டால் அஞ்சாது கணக்குக் கேட்கும் அறிவும் நமக்கு வேண்டும். கார்னிஷிடம் இரண்டும் இருந்தன. நம்மிடமும் இருக்கட்டும்!