இறை மகிமை (கிறிஸ்தவ இறையியல்)

கடவுள் தம்மை வெளிப்படுத்தும் பேரொளியையும், அதைக் கண்டவர்கள் அவருக்குச் செலுத்தும் புகழ்ச்சியையும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பொதுவாக மகிமை என்று அழைக்கிறார்கள். கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியத்தில் (1995) இது மாட்சி என வரும். மனிதர் போற்றுவதால் கடவுளின் மகிமை கூடுவதில்லை, போற்றாமல் விடுவதால் குறைவதுமில்லை என்பதில் திருச்சபைகளுக்கிடையே கருத்து வேறுபாடு இல்லை.

பழைய ஏற்பாட்டில் மகிமை கண்ணுக்குத் தெரியக்கூடியது, நெருங்கினால் ஆபத்தானதும்கூட. சீனாய் மலையை ஆறு நாள் மேகம் மூடியிருக்கிறது. அடிவாரத்தில் நின்ற மக்களுக்கு உச்சியில் நெருப்பு பற்றி எரிவதுபோலத் தெரிகிறது. பிறகு மோசே அந்த மகிமையைக் காட்டும்படி நேரடியாகவே கேட்கிறார். முகத்தைப் பார்த்தவன் பிழைக்க மாட்டான் என்று பதில் வருகிறது. பாறை வெடிப்பில் அவரை நிறுத்தி, கடந்துபோகும்வரை கையால் மறைத்து, பின்புறத்தை மட்டும் காண விடுகிறார் கடவுள். ஆசரிப்புக் கூடாரத்தை மகிமை நிரப்பியபோது மோசேயாலும் உள்ளே நுழைய முடியவில்லை. சாலொமோனின் ஆலயத்தில் ஆசாரியர்கள் பணியைத் தொடர முடியாமல் நின்றார்கள்.

இவ்வரலாற்றில் பெரிய திருப்பம் எசேக்கியேலின் நூலில் வருகிறது. ஆசாரியக் குடும்பத்தைச் சேர்ந்த அவர், கி.மு. 597இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் ஒருவர். கேபார் ஆற்றங்கரையில், அதாவது பகைவரின் நாட்டில், சக்கரங்களோடு நகரும் சிம்மாசனத்தில் மகிமையைக் காண்கிறார். பின்னொரு தரிசனத்தில் அது எருசலேம் ஆலயத்தை விட்டுக் கிளம்புகிறது. முதலில் வாசற்படிக்கு வருகிறது, பிறகு கிழக்கு வாசலில் நிற்கிறது, கடைசியாக நகருக்குக் கிழக்கேயுள்ள மலைமேல் போய் நிற்கிறது. போக மனமில்லாதவர் புறப்படுவதுபோல இருக்கிறது அந்த வருணனை. சில ஆண்டுகளில் பாபிலோனியர் ஆலயத்தை இடித்தார்கள். கோயில் விழுந்தால் அதன் தெய்வமும் தோற்றதாகக் கொள்வது அக்கால வழக்கம். இடிந்தபோது உள்ளே மகிமை இல்லை என்பது எசேக்கியேல் அதற்குத் தந்த மறுமொழி. அதே கிழக்கு வாசல் வழியாக மகிமை திரும்பும் என்றும் அவர் எழுதினார். ஆனால் கி.மு. 515 வாக்கில் கட்டி முடிந்த இரண்டாம் ஆலயத்தின் பிரதிஷ்டையை விவரிக்கும் எஸ்றாவின் நூல், மேகம் வந்து நிரப்பியதாக எதுவும் சொல்லவில்லை.

இந்த வெற்றிடத்தில்தான் புதிய ஏற்பாடு பேசத் தொடங்குகிறது. வார்த்தை மனிதனாகி நம்மிடையே கூடாரமிட்டது, அதன் மகிமையைக் கண்டோம் என்ற பொருளில் யோவான் தம் நற்செய்தியைத் திறக்கிறார். மற்ற மூன்று நற்செய்தியாளர்களும் மலைமேல் இயேசு ஒளிமயமாக உருமாறியதை விவரிக்கிறார்கள். மோசேயும் எலியாவும் அங்கே தோன்றுகிறார்கள். அவர்கள் பேசிக்கொண்டது எருசலேமில் நேரவிருந்த அவருடைய மரணத்தைப் பற்றி என்று சொல்பவர் லூக்கா மட்டுமே. சீனாய் மலையடியிலுள்ள புனித கத்தரீனாள் மடத்தின் ஆறாம் நூற்றாண்டு மொசைக் ஓவியம் இக்காட்சியைத்தான் காட்டுகிறது: வாதுமை வடிவ நீல ஒளிவளையத்துக்குள் வெண்ணாடையில் கிறிஸ்து, காலடியில் விழுந்துகிடக்கும் பேதுரு. மகிமையைக் காட்டும்படி மோசே கேட்ட மலை என்று மரபு நம்பும் இடத்திலேயே அவரை இயேசுவின் அருகில் நிறுத்தியிருப்பது சும்மா செய்த வேலையல்ல.

யோவானோ உருமாற்றக் காட்சியைச் சேர்க்கவே இல்லை. அவருக்கு மகிமையின் நேரம் சிலுவைதான். அடிமைகளையும் கலகக்காரர்களையும் ரோமர் அவமானப்படுத்திக் கொன்ற கருவியில் கடவுளின் மேன்மை வெளிப்பட்டது என்பதே கிறிஸ்தவ நம்பிக்கையின் கடினமான இடம். பிற்கால விவாதங்கள் பலவும் இங்கேயே முட்டி நிற்கின்றன. மார்ட்டின் லூத்தர் 1518இல் ஹைடல்பெர்க் விவாதத்தில் மகிமையின் இறையியலையும் சிலுவையின் இறையியலையும் எதிரெதிராக வைத்தார். வெற்றியிலும் வல்லமையிலும் கடவுளைத் தேடுபவன் பாடுகளில் மறைந்திருப்பவரைத் தவறவிடுகிறான் என்பது அவர் வாதம். செழிப்பையே ஆசீர்வாதத்தின் அடையாளமாக்கும் இன்றைய போதனைகளுக்கும் இது பொருந்தும்.

கிழக்குத் திருச்சபையில் கேள்வி வேறாக எழுந்தது. இயேசு உருமாறிய இடமாக மரபு கருதும் தாபோர் மலையில் சீடர் கண்ட ஒளி படைக்கப்பட்டதா, கடவுளுடையதேயா? ஆதோஸ் மலைத் துறவி கிரெகோரி பலமாஸ், கடவுளின் உள்ளியல்பை யாரும் அறிய முடியாது, அவருடைய ஆற்றல்களில் பங்குபெற முடியும், அவ்வொளி படைக்கப்படாதது என்றார். கான்ஸ்டாண்டினோபிளில் 1341, 1351 ஆண்டுகளில் கூடிய சங்கங்கள் அவர் பக்கம் நின்றன.

தன் புகழுக்காகவே உலகைப் படைத்த கடவுள் தன்னலக்காரர் ஆகமாட்டாரா என்பது அடிக்கடி எழும் எதிர்ப்பு. முதலாம் வத்திக்கான் சங்கம் (1870), தம் மகிழ்ச்சியைக் கூட்டிக்கொள்ள அல்ல, தம் நன்மைகளைப் பகிரவே படைத்தார் என்றது. இதற்கு நூறாண்டு முன்பே, 1765இல் வெளிவந்த நூலில் இறையியலாளர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ், கடவுளின் மகிமையும் படைப்பின் இன்பமும் ஒரே நோக்கம் என்று வாதிட்டார். முழுமனிதனாய் வாழ்பவனே கடவுளின் மகிமை என்ற இரண்டாம் நூற்றாண்டு இறையியலாளர் இரேனேயுவின் கருத்தும் இங்கே மேற்கோளாகும். அந்த வாழ்வு கடவுளைக் காண்பதே என்று அவர் உடனே தொடர்ந்ததை மேடைகளில் விட்டுவிடுகிறார்கள்.

வழிபாட்டில் இக்கருத்து பல வடிவம் எடுத்துள்ளது. இயேசு சபையினர் கடவுளின் அதிமிக மகிமைக்காக என்பதைக் குறிக்கோளாகக் கொண்டனர். இசையமைப்பாளர் பாக் தம் இசைப்படிகள் பலவற்றின் முடிவில் கடவுளுக்கே மகிமை என்பதன் இலத்தீன் முதலெழுத்துகளை எழுதினார். கத்தோலிக்கத் திருப்பலியில் வானவர் கீதம் எனப்படும் மகிமைப் பாடல், திருவருகைக் காலத்து ஞாயிறுகளிலும் தவக்காலத்து ஞாயிறுகளிலும் பாடப்படாது. பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் மணியோசையோடு ஒருமுறை பாடி, பிறகு பாஸ்கா திருவிழிப்பில்தான் மீண்டும் பாடுவார்கள்.