சரிவில் புல் முளைப்பது எப்போது? சுகோமாஜ்ரியின் வரலாறு

சரிவான நிலத்தில் மண்ணரிப்பைத் தடுக்கப் புல்லைக் காட்டிலும் மலிவான கருவி இல்லை என்பது மண்ணியலின் பாலபாடம். மழைத்துளி வெற்றுமண்ணை நேரே தாக்கும்போது துகள்கள் சிதறுகின்றன. சரிவில் விரையும் நீர் அவற்றை அள்ளிச் செல்கிறது. புல்லின் தாள்கள் துளியின் விசையைத் தணிக்கின்றன. தூர்கள் நீரின் வேகத்தைக் குறைக்கின்றன. சல்லிவேர்கள் மேல்மண்ணைப் பற்றிக்கொள்கின்றன. இவ்வளவு எளிய உண்மை அறியப்பட்டிருந்தும், வட இந்தியாவின் சிவாலிக் அடிவாரம் பல தலைமுறைகளாக ஏன் மண்ணை இழந்துகொண்டே இருந்தது? இந்த வினாவுக்கு மண்ணியல் மட்டும் விடை தராது. சமூக வரலாறும் வேண்டும்.

சிவாலிக், இமயத்தின் தெற்கு விளிம்பில் அமைந்த இளம் மலைத்தொடர். இறுகாத மணற்பாறையும் களிமண்ணும் கூழாங்கல் படிவும் கலந்தது அதன் உடல். ஆண்டு மழையின் பெரும்பகுதி தென்மேற்குப் பருவத்தின் சில வாரங்களுக்குள் கொட்டிவிடும். அப்போது 'சோ' என்று உள்ளூரில் அழைக்கப்படும் காட்டோடைகள் மணலைச் சுமந்து சமவெளிக்குள் பாய்ந்து விளைநிலங்களை மூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹோஷியார்பூர் மாவட்டத்தில் இந்தச் சேதம் பெருகியதை அடுத்து, குடியேற்ற அரசு 1900ஆம் ஆண்டில் பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. மலைச்சரிவுகளில் மரம் வெட்டுதல், மேய்த்தல், நிலம் திருத்துதல் ஆகியவற்றைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் அரசுக்கு அது அதிகாரம் அளித்தது.

இச்சட்டத்தின் தர்க்கத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். கால்நடையின் குளம்பு படாவிட்டால் புல் தானே மீளும் என்ற அதன் அடிப்படை பெருமளவு சரியானதே. ஆனால் மேய்ச்சலை விட்டுக்கொடுப்பவர் வேறு எதைக் கொண்டு வாழ்வார் என்ற கேள்விக்கு அதில் இடம் இல்லை. மானாவாரிச் சாகுபடி கைவிடும் ஆண்டுகளில் ஆடும் மாடுமே மலையோரக் குடும்பங்களின் காப்பு. வனத்துறையின் சரிவுகளில் விளைந்த புல்லோ ஏலத்தில் ஒப்பந்ததாரர் கைக்குப் போயிற்று. புல்லின் பயன் ஒருவருக்கு, புல்லைக் காக்கும் சுமை மற்றொருவருக்கு என்ற நிலையில் தடையாணைகள் பெரிதும் ஏட்டளவிலேயே நின்றன.

இந்த முரண்பாட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது ஒரு நவீன நகரின் ஏரி. சண்டிகர் நகரம் எழுந்த காலத்தில், 1958இல், சுக்னா ஓடையின் குறுக்கே கரையிட்டுச் சுக்னா ஏரி உருவாக்கப்பட்டது. சில பத்தாண்டுகளுக்குள் அதன் கொள்ளளவில் பாதிக்கும் மேற்பட்ட பகுதியை வண்டல் விழுங்கியது. தூர்வாரும் செலவு ஏறிக்கொண்டே போக, வண்டலின் ஊற்றைத் தேடி ஆய்வாளர்கள் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் சென்றனர். அந்தத் தேடல் அவர்களைக் கொண்டு சேர்த்த ஊர்களுள் ஒன்று, ஹரியானாவில் குஜ்ஜர் சமூகத்தினர் வாழும் சுகோமாஜ்ரி என்ற சிற்றூர்.

மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனத்தின் சண்டிகர் மையத்தில் பணியாற்றிய பி. ஆர். மிஸ்ரா அங்கே முதலில் கையாண்டவை வழக்கமான தொழில்நுட்பங்களே: ஓடைகளில் தடுப்புகள், சமமட்டப் பள்ளங்கள், மரக்கன்றுகள். மேய்ச்சல் நிற்காதவரை இவற்றால் நிலையான பயன் விளையவில்லை. திருப்பம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. ஓடையரிப்பைத் தடுக்க 1976இல் கட்டப்பட்ட சிறிய மண் அணையில் மழைநீர் தேங்கியது. மழை பொய்த்த ஒரு பருவத்தில் அந்நீர் கோதுமைப் பயிரைக் காப்பாற்றியபோது, அணையை ஊரார் பார்த்த பார்வையே மாறிற்று.

ஆனால் நீர் பாய்ந்தது நிலம் உடையோரின் வயலுக்கு மட்டுமே. நிலமற்றவர் தம் ஆடுகளை ஏன் மலையிலிருந்து இறக்க வேண்டும்? இக்கேள்விக்குக் கிடைத்த விடையே சுகோமாஜ்ரியை வரலாற்றில் இடம்பெறச் செய்தது. நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அணைநீரில் சமபங்கு உண்டு என்று முடிவாயிற்று. நிலமற்றவர் தம் பங்கைப் பிறருக்கு விற்கலாம். அதற்கு ஈடாக மலைச்சரிவில் மேய்ச்சலை ஊரே நிறுத்திக்கொண்டது. முள்வேலியும் காவலரும் இல்லாத இந்த ஏற்பாடு 'சமூக வேலி' என்று பெயர் பெற்றது.

அதன்பின் புல்லை நிலைநிறுத்தும் பணி எளிதாயிற்று. சமமட்டப் பள்ளங்கள் ஓடும் நீரை ஆங்காங்கே நிறுத்தி ஈரத்தைச் சேமித்தன. பப்பர் என்னும் நாரடர்ந்த புல், வேருடன் பிரித்த தூர்களாகப் பருவமழைத் தொடக்கத்தில் நடப்படுவது. இளம்பருவத்தில் அது தீவனம். முற்றியபின் கயிறும் காகிதக் கூழும் ஆகும். ஒப்பந்ததாரருக்குப் போய்க்கொண்டிருந்த புல் குத்தகை ஊர்ச் சங்கத்தின் கைக்கு வந்தது. ஆடுகளின் எண்ணிக்கை குறைந்து, கொட்டிலில் கட்டித் தீவனமிடும் எருமைகள் பெருகின. பால் வருவாய் உயர்ந்தது. இப்பகுதியிலிருந்து ஏரிக்கு வரும் வண்டல் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது என்பது சூழலியல் எழுத்துகளில் பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு.

எனினும் சுகோமாஜ்ரியை ஒரு புராணமாக்கிவிடலாகாது. புல்லறுத்துச் சுமந்துவரும் உழைப்பில் பெரும்பங்கு பெண்களின் தலையில் ஏறியது. சங்கத்தின் முடிவுகளில் அவர்கள் குரல் அந்த அளவுக்கு ஒலிக்கவில்லை. காலப்போக்கில் அணைகளிலும் வண்டல் படிந்தது, பராமரிப்பு தளர்ந்தது, பப்பர் புல்லுக்குக் காகித ஆலைகள் தந்த சந்தையும் சுருங்கியது. வருவாய் குறையக் குறையச் சங்கத்தின் பிடியும் நெகிழ்ந்தது. இந்தச் சரிவும் மேலே கூறிய வாதத்தையே உறுதிப்படுத்துகிறது. பயனும் பொறுப்பும் ஒருவரிடமே இணைந்திருந்த வரையில் புல் காக்கப்பட்டது. அவ்விணைப்பு தளர்ந்தபோது காவலும் தளர்ந்தது.

1900ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் உயிருடன் இருக்கிறது. அதன் நான்காம் பிரிவின்கீழ் சிறப்பு ஆணைகள் பிறப்பிக்கப்பட்ட நிலங்கள் காடாகவே கருதப்படும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டட வணிகத்தின் வேட்கைக்கு எதிரே அத்தகைய சட்டக்காப்பு இன்றியமையாதது. ஆனால் சட்டம் நிலத்தை அழிப்பிலிருந்து காக்கலாம். அதில் புல்லை நிலைநிறுத்துவோர் அங்கே வாழும் மக்களே. சூழலியல் வரலாறு பயிலும் மாணவர்கள் ஒரு மலைச்சரிவைக் காணும்போது, அங்கே எந்தப் புல் முளைத்திருக்கிறது என்பதோடு, அதை அறுக்கும் உரிமை யாருக்கு, கீழே தேங்கும் நீரில் பங்கு யாருக்கு என்றும் கேட்க வேண்டும். அந்தச் சரிவு ஏன் பசுமையாக இருக்கிறது, அல்லது ஏன் வெறுமையாகக் கிடக்கிறது என்பதற்கான விளக்கம் பெரும்பாலும் அக்கேள்விகளில்தான் தொடங்குகிறது.