எக்சோசோம்
கிரேக்கத்தில் 'எக்சோ' என்றால் வெளியே, 'சோமா' என்றால் உடல். செல் வெளியே விடும் நுண்பை இது. குறுக்களவு 30 முதல் 150 நானோமீட்டர். செம்மறியாட்டின் முதிராச் சிவப்பணுக்களை ஆராய்ந்த ரோஸ் ஜான்ஸ்டோன் குழுவின் 1987ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பின் சொல் நிலைத்தது.

பசும்பாலிலும் இவை உண்டு. பிரித்தெடுக்கப் பெரிய இடைஞ்சல் கேசீன் புரதம். கொழுப்பை நீக்கிய பாலில் துளித்துளியாக அமிலம் விட்டால் கேசீன் திரிந்து அடியில் இறங்கும். மேலே தெளியும் இளமஞ்சள் நீரைப் புவியீர்ப்பின் 1,00,000 மடங்கு விசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுழற்றினால், குழாயின் அடியில் மெல்லிய படிவு ஒட்டியிருக்கும்.

அது முழுவதும் எக்சோசோம்தானா? செல்லின் உள்ளறையில் உருவானவற்றுக்கே அந்தப் பெயர். செல்சவ்விலிருந்து பிதுங்கிப் பிரிந்தவையும் அதில் கலந்திருக்கும். ஆகவே, 'செல்வெளி நுண்பை' என்பதே நேர்மையான சொல்.