பொறுக்கும் கண்

விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூர் விழித்துக்கொள்ளும். ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்கள் தூக்குச்சட்டியும் கையுமாகத் தெருமுனையில் வந்து நிற்பார்கள். ஜீப் வரும். அதில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று நான் எண்ணிச் சொல்லப்போவதில்லை. சொன்னால் போலீஸ்காரர்களுக்குத் தர்மசங்கடமாகப் போய்விடும். டிரைவர் கீழே இறங்கி நாலு டயரையும் காலால் ஒரு உதை உதைத்துப் பார்ப்பார். மறுபடி ஏறி உட்கார்ந்து பிரேக்கை இரண்டு தரம் மிதித்துப் பார்ப்பார். "சரி, ஏறுங்க" என்பார். பரீட்சை முடிந்தது. அந்தப் பரீட்சையை நம்பித்தான் அத்தனை உயிர்களும் போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகின்றன; சாயங்காலம் இறங்கி வருகின்றன.

ஒரு நாள் நானும் அந்த ஜீப்பில் போனேன். ஒன்பதாவது வளைவோ பத்தாவது வளைவோ, பள்ளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது ஒரு கேள்வி எழுந்தது. டிரைவர் உதைத்தது டயரை. பிரேக்குக்குள் இருக்கிற இரும்பை யார் பார்த்தார்கள்? அதில் மயிரிழை போல் ஒரு வெடிப்பு இருந்தால், அதை எந்தக் கண் கண்டுபிடித்திருக்கும்?

கல்லூரியில் இரண்டு வருஷம் மட்டும் படித்துவிட்டுக் கதை எழுத வந்தவன் நான். மோட்டார் சாஸ்திரம் எனக்குத் தெரியாது. ஆனால் ஏலக்காய் பொறுக்குவது தெரியும். என் சித்தி நாற்பது வருஷம் அந்த வேலை செய்தவள். இந்த விஷயத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க, மோட்டார்த் தொழிற்சாலையின் சரித்திரமும் சித்தியின் சரித்திரமும் ஒரே பாதையில் போவதாக எனக்குப் பட்டது. அதனால்தான் துணிந்து எழுதுகிறேன்.

ஏலக்காய்க்கு முதல் பரீட்சை சல்லடை. அக்மார்க் கணக்கில் ஏழு மில்லிமீட்டர் சல்லடையில் தங்குவது ஒரு தரம், ஆறில் தங்குவது ஒரு தரம், ஐந்தில் தங்குவது ஒரு தரம். துளை பேசும், மனிதன் பேசவேண்டியதில்லை. "தங்கினால் நல்லது, விழுந்தால் சின்னது" என்கிற அந்த நியாயந்தான் மோட்டார்த் தொழிலுக்கும் அரிச்சுவடி. உருளைக்கு ஒரு வளையம், ஓட்டைக்கு ஒரு முளை. நுழையவேண்டிய பக்கம் நுழைந்து, நுழையக்கூடாத பக்கம் நுழையாவிட்டால் அந்தச் சாமான் தேறிவிட்டது.

இந்தச் சின்ன வித்தை என்ன செய்யும் என்பதை உலகம் 1908-இல் பார்த்தது. இங்கிலாந்தில் புரூக்லாண்ட்ஸ் என்ற ஓட்டப் பந்தய மைதானத்தில் மூன்று காடிலாக் கார்களை அக்கக்காகக் கழற்றினார்கள். பாகங்களையெல்லாம் ஒன்றோடொன்று கலந்து குவித்தார்கள். சில பாகங்களை எடுத்துவிட்டுக் கடைச் சரக்கிலிருந்து புதிதாகவும் போட்டார்கள். பிறகு அந்தக் குவியலிலிருந்து மூன்று கார்களை மறுபடி பூட்டி, ஐந்நூறு மைல் ஓட்டிக் காண்பித்தார்கள். அதற்கு முன்னால் ஒரு காரின் பாகம் இன்னொன்றில் சேரவேண்டுமானால் அரத்தை எடுத்துக்கொண்டு தச்சன் மாதிரி இழைத்துச் சேர்க்கவேண்டும். அரம் இல்லாமல் கார் பூட்டலாம் என்று அன்று தெரிந்தது. அளவுக்கே அளவுகோலாக இருக்கும் எஃகுக் கட்டிகளைச் செய்தவர் ஸ்வீடன் தேசத்து யோஹான்ஸன். துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1923-இல் ஹென்றி போர்டு அவரைத் தம்மிடமே அழைத்துக்கொண்டார்.

ஆனால், சல்லடையில் தங்கிய காயெல்லாம் நல்ல காயா? இல்லை. பருத்த காய் வெடித்திருக்கும், பச்சை வெளுத்திருக்கும், தோலில் சொறி இருக்கும், உள்ளே வண்டு குடியிருக்கும். அதற்குத்தான் சித்தி. முறத்தில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தால் அவள் விரல் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம். மத்தியானத்துக்கு மேல் மட்டும் வேகம் குறையும். "கண்ணு கூசுது" என்பாள். தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிற பரிசோதகர்களுக்கும் அதே கதைதான். ஒரே மாதிரிச் சாமான் ஆயிரம் கடந்து போனால் ஆயிரத்தோராவதில் இருக்கும் கோளாறு கண்ணில் படாது. கண்ணின் குற்றமில்லை, அது கண்ணாக இருப்பதன் குணம்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது ஒன்று. சித்தி வேலை பார்த்த இடத்தில் ஒவ்வொரு மூட்டையிலும் பொறுக்கியவள் பெயரை எழுதிச் சீட்டு வைப்பார்கள். ஒரு சமயம் அவள் சீட்டு இருந்த மூட்டை வெடித்த காயோடு திரும்பி வந்தது. ஒரு வாரக் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். சித்தி அழவில்லை, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஸ்டோர்ல அவசரப்பட்டுச் சூட்டை ஏத்திக் காயவச்சா தோல் வெடிக்கத்தான் செய்யும். நான் பொறுக்கிப் போட்டது போக மிச்சத்துலயும் பாதி வெடிச்சுக் கிடக்கு. இதுக்குப் பொறுக்குறவ தலையா கெடச்சுச்சு?" பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

அந்தக் கேள்வியை அவளுக்கு வெகு காலத்துக்கு முன்பே ஒரு அமெரிக்கர் கேட்டிருந்தார் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. வால்ட்டர் ஷெவார்ட் என்பவர், டெலிபோன் சாமான்கள் செய்யும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்தவர், 1924-ஆம் வருஷம் மே மாதம் ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். அதில் ஒரு கோட்டுப் படம். சாமான்களில் கெட்டவற்றின் விகிதம் எப்படி ஏறி இறங்குகிறது என்று புள்ளி வைத்துக்கொண்டே போவது. மேலே ஒரு எல்லை, கீழே ஒரு எல்லை. புள்ளி எல்லை தாண்டினால் செய்கிற இடத்தில் ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தம். கெட்டதைப் பொறுக்கி எறிந்துகொண்டிருப்பதைவிட, கெடுவது எங்கே என்று பார் என்பதுதான் அதன் தாத்பரியம். அதாவது, முறத்தை விட்டுவிட்டு ஸ்டோரின் சூட்டைப் பார்!

இந்த உபதேசத்தை டெமிங் என்பவர் 1950-இல் ஜப்பானுக்குக் கொண்டுபோனார். அடுத்த வருஷமே அவர் பெயரால் அங்கே ஒரு பரிசு ஏற்பட்டது. அந்தப் பரிசு இந்தியாவுக்கு முதன்முதலாக வந்தது 1998-இல். வாங்கியது சென்னைப் பாடியில் அப்போது இருந்த சுந்தரம் கிளேட்டன் கம்பெனியின் பிரேக் பிரிவு. மதுரையில் 1911-இல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் ஆரம்பித்த டி. வி. எஸ். குடும்பத்துக் கம்பெனி அது. பஸ்ஸுக்கும் லாரிக்கும் காற்று பிரேக் செய்கிற இடத்துக்கு அந்தக் கௌரவம் கிடைத்தது என்று படித்தபோது, மலைப் பாதையில் போகிறவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

ஜப்பானில் இன்னொரு கதையும் உண்டு. அது கார்க் கதை இல்லை, தறிக் கதை. ஸகிச்சி டொயோடா என்ற தச்சர் மகன் 1924-இல் ஒரு தானியங்கித் தறி செய்தார். நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். தறிக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். அறுந்தது தெரியாமல் தறி ஓடினால் அத்தனை கெஜமும் வீண். அதற்காகவே தறிக்கு ஒரு ஆள் காவல் நிற்கவேண்டும். தானே நிற்கிற தறிக்கு அந்தக் காவல் வேண்டாம். 1929-இல் அந்தத் தறியின் உரிமையை இங்கிலாந்தில் பிளாட் சகோதரர்கள் கம்பெனிக்கு விற்றார்கள். அவர் மகன் கிச்சிரோ கார் செய்ய இறங்கினார். 1937-இல் டொயோட்டா மோட்டார் கம்பெனி பிறந்தது. கோளாறு தென்பட்டதும் வேலை நிற்கவேண்டும் என்ற தறியின் தர்மம் கார்த் தொழிற்சாலைக்கும் குடிபெயர்ந்தது. தான் செய்வது தப்பு என்று தானே உணர்ந்து நின்ற யந்திரம், என் அபிப்பிராயத்தில், மனிதர்களில் பலருக்கு மூத்தது.

தறிக்குக் கிடைத்தது தொடு உணர்ச்சி. யந்திரத்துக்குப் பார்வை வர இன்னும் ஐம்பது வருஷம் ஆயிற்று. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் பாயிலும் ஸ்மித்தும் ஒளியை மின்சாரமாக்கிக் கணக்குக் காட்டும் சில்லு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. எழுபதுகளின் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்காரர்களான ஹாலண்ட், ரோஸோல், வார்ட் மூவரும் பார்க்கிற யந்திரம் ஒன்றைச் செய்தார்கள். ஓடுகிற பெல்ட்டின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு போல வெளிச்சத்தைப் பாய்ச்சினார்கள். பெல்ட் காலியாக இருந்தால் கோடு நேராக இருக்கும். வார்ப்பிரும்புச் சாமான் வந்தால், மேடான இடத்தில் கோடு விலகும். அந்த விலகலைக் கொண்டே, வந்தது எது, எப்படிக் கிடக்கிறது என்று யந்திரம் தெரிந்துகொண்டு இரும்புக் கையால் எடுத்தது. கனடாவில் ஒரு வார்ப்பாலையில் அதை வேலைக்கும் வைத்தார்கள். தரம் பார்க்க வந்ததல்ல அது; சாமானை அடையாளம் காண வந்தது. ஆனாலும் கண் திறந்தாயிற்று.

காதும் திறந்தது. சந்தையில் பானை வாங்குகிற கிழவி விரல் முட்டியால் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்பாள். சின்ன வயதில் போடி ஸ்டேஷனில் ஒருவர் நீளக் காம்புச் சுத்தியலால் ரயில் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். அந்த மீட்டர் கேஜ் பாதை 2010 கடைசியில் மூடப்பட்டு, அகலமாக்கி, 2023 ஜூனில்தான் மறுபடி ரயில் வந்தது. சுத்தியல் மனிதரை நான் பிறகு காணவில்லை. ஆனால் அவர் வித்தை சாகவில்லை. இன்றைக்குக் காரின் சக்கரத்தைத் தாங்கும் வார்ப்பிரும்புப் பாகங்களை யந்திரச் சுத்தியல் தட்டுகிறது; ஒலிவாங்கி கேட்கிறது; நாதத்தில் பேதம் இருந்தால் ஒதுக்கிவிடுகிறது. ஜீப்பில் எனக்கு எழுந்த கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. மயிரிழை வெடிப்பைக் காணுகிற கண், ஒரு காது!

போன பொங்கலுக்குச் சித்தியின் மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காமிராக்களைக் கவனிக்கிற உத்தியோகம். சாயம் பூசிய காரை வரிவரியாக எரியும் விளக்குகளின் நடுவே அனுப்புவார்களாம். பளபளப்பில் அந்த வரிகள் தெரியும். எங்காவது ஒரு வரி நெளிந்தால் அங்கே பள்ளமோ மேடோ தூசியோ இருக்கிறது என்று காமிரா சொல்லிவிடுமாம். இப்போது நியாயம் சொல்லிக்கொடுப்பதற்குப் பதிலாக உதாரணம் காட்டியே அதைப் பழக்குகிறார்களாம்.

"நல்லது இது, கெட்டது இதுன்னு ஆயிரக்கணக்கில படம் காட்டணும், மாமா. நல்லதுக்குப் படம் எத்தனை வேணும்னாலும் கிடைக்கும். கெட்டதுதான் கிடைக்காது. நல்லாச் செய்ற இடத்துல கெட்டதுக்கு எங்க போறது?"

மூலையில் உட்கார்ந்திருந்த சித்தி சிரித்தாள். "கெட்ட காயைப் பாத்துப் பாத்துத்தான்யா எனக்கும் கண்ணு பழகுச்சு. சரி, எது கெட்டதுன்னு அதுக்கு யாரு சொல்றா?"

"அங்க ரொம்ப நாளா வேலை பாத்த பெரியவங்கதான் குறிச்சுக் கொடுப்பாங்க, அம்மாச்சி."

"குறிச்சுக் கொடுத்ததுக்கப்புறம் அவங்களுக்கு என்ன வேலை?"

பையன் பேசவில்லை. கொஞ்சம் பொறுத்து, "அது சந்தேகப்பட்டுத் தள்ளுறதுல பாதி நல்லதா இருக்கும். ரொம்பக் கண்டிப்பா வச்சா நல்லதையும் தள்ளும். இளக்கமா வச்சா கெட்டதையும் விட்டுரும். தள்ளுனதை மறுபடி பாக்க ஒரு ஆளு வேணும்" என்றான்.

"ஒரு ஆளு" என்று சித்தி திரும்பச் சொன்னாள்.

அவள் மனசில் ஓடியது எனக்குத் தெரியும். ஏலக்காய்க்கும் யந்திரக் கண் வந்துவிட்டது. சரிவில் காய் உருண்டு விழும், காமிரா பார்க்கும், நிறம் மங்கிய காயை ஒரு ஊதல் காற்று தனியே தள்ளிவிடும். வரிசையாக முறத்தோடு பெண்கள் உட்கார்ந்திருந்த அவள் பழைய இடத்தில் இப்போது சிலர்தான் இருக்கிறார்கள். அவர்கள் பார்ப்பது, யந்திரம் தள்ளியதை.

நான் எந்தப் பக்கம்? போடிமெட்டு வளைவில் ஜீப் இறங்கும்போது யந்திரத்தின் பக்கம். அதன் கண் மத்தியானத்தில் கூசாது. வீட்டில் சித்தியின் எதிரே உட்காரும்போது அவள் பக்கம். இரண்டும் உண்மை. யந்திரம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதற்குப் பார்வை கற்றுக்கொடுத்தவர்களுக்கு அந்தப் பார்வையில் ஒரு பங்கு உண்டு என்று சொல்லத் தோன்றுகிறது. பங்கு என்றால் பாராட்டு மட்டும் போதாது; கூலியும் வேண்டும்.

சித்தி கடைசியாகக் கேட்டதையும் சொல்லிவிடுகிறேன். "ஏய்யா, அது நல்லதுன்னு அனுப்பினது திரும்பி வந்தா, மூட்டையில யாரு சீட்டு இருக்கும்?"

பேரன் சொன்னான்: "எங்க பேருதான் இருக்கும், அம்மாச்சி."

"அப்பச் சூட்டைப் போய்ப் பாருங்கய்யா" என்றாள் சித்தி.