'கானா கஜானா'விலிருந்து 'ஜெஸ்ட்' வரை

ஓர் அலைவரிசையின் பெயர்மாற்றங்களையே நுகர்வின் வரலாறாகப் படிக்கலாம். சஞ்சீவ் கபூரால் புகழ்பெற்ற ஜீ தொலைக்காட்சியின் 'கானா கஜானா' சமையல் நிகழ்ச்சி 1993இல் தொடங்கியது. 'கானா' வடமொழி வேரினது. 'கஜானா' அரபியிலிருந்து பாரசீகம் வழி வந்தது, தமிழிலும் புழங்குவது. 'உணவுக் கருவூலம்' எனப் பொருள்படும் இப்பெயரிலேயே 2010இல் தனி அலைவரிசை பிறந்தது. அது 2015இல் 'லிவிங் ஃபுட்ஸ்' ஆயிற்று. 2020இல் உணவோடு பயணமும் இல்ல வாழ்வும் இணைய, 'ஜீ ஜெஸ்ட்' ஆயிற்று.

பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த 'ஜெஸ்ட்' முதலில் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலையும், பின்னர் பெருங்களிப்பையும் குறித்தது. கருவூலம் சேமித்துக் கையளிப்பதற்குரியது. களிப்போ துய்ப்பதோடு முடிவது. சமைப்பவரை விளித்த இந்துஸ்தானிப் பெயர் நீங்கி, துய்ப்பவரை விளிக்கும் ஆங்கிலப் பெயர் அமர்ந்ததை வெறும் விளம்பர உத்தியாகக் கருதிக் கடந்துவிட முடியாது.