முக்கூர்த்தி தேசியப் பூங்காவின் நிலவியலும் நிலத்தோற்றமும்

நீலகிரிப் பீடபூமியின் தென்மேற்கு விளிம்பில், 78.46 சதுர கி.மீ. பரப்பில் அமைந்தது முக்கூர்த்தி தேசியப் பூங்கா. முக்கூர்த்திச் சிகரம் 2,554 மீட்டர் உயரமுடையது. கொலாரிபெட்டா அதையும் விஞ்சி ஏறத்தாழ 2,630 மீட்டரை எட்டுகிறது. கிழக்கே அலையலையாக நீளும் மேட்டுநிலம் மேற்கே சட்டென்று அறுபட்டு, நிலம்பூர்க் காடுகளை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. வரையாடுகள் வாழ்வது இந்த விளிம்புப் பாறைகளில்தான்.

இம்மலையின் உடல் சார்னோகைட் பாறையால் ஆனது. இப்பாறை வகைக்கு 1890களில் பெயர் சூட்டியவர் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து. புதிதாக உடைத்த துண்டு நீலச்சாம்பல் நிறத்தில் எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும். வெயில் மழையில் கிடந்ததோ பழுப்பேறிச் செம்மண்ணாக உதிரும். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பமும் அழுத்தமும் தாக்கி உருமாறிய பாறை இது. நீலகிரித் தொகுதியின் வடக்கே மாயாறும் தெற்கே பவானியும் பழைய பிளவு மண்டலங்களைப் பற்றியே ஓடுகின்றன. மடகாஸ்கர் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவை விட்டுப் பிரிந்தபோது உருவான மேற்கு விளிம்பே, நெடுங்கால அரிப்பில் இன்றைய மேற்குத் தொடர்ச்சி மலையின் முகமாயிற்று.

மலை மடிப்புகளில் மண் ஆழமாகத் தேங்கி ஈரம் நிற்பதால் அங்கே சோலைகள். காற்றும் உறைபனியும் தாக்கும் திறந்த சரிவுகளில் புல். இரண்டுக்கும் நடுவே, தண்ணீர் வடியாத தாழ்வுகளில் மட்காத புல்லும் வேரும் படிந்து கரிய சதுப்பாகின்றன. நீலகிரிச் சதுப்புகளின் கரிம ஓரிடத்தான்களை ஆராய்ந்து ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட கட்டுரை, சுமார் 20,000 ஆண்டுக் காலநிலையை அந்த அடுக்குகளில் படித்துக் காட்டியது. பனியுகத்தின் வறண்ட காலத்தில் புல் ஓங்கியது. ஈரம் மிகுந்த காலத்தில் சோலைக்குரிய தாவரங்கள் பெருகின. மனிதர் காடழித்ததால் மட்டுமே இப்புல்வெளிகள் பிறந்தன என்ற வாதம் இதன்பின் நிற்கவில்லை.

அதற்குள் கேடு நடந்து முடிந்திருந்தது. புல்வெளியைப் பயனற்ற நிலமாகக் கருதி, உள்ளூரில் சீகை எனப்படும் வாட்டில் மரத்தைப் பெரும் பரப்பில் நட்டார்கள். பைக்காரா மின்திட்டத்துக்காக 1938இல் முக்கூர்த்தி அணையும் எழுந்தது.

தென்மேற்குப் பருவக்காற்றை முதலில் எதிர்கொள்வது இந்த விளிம்பே. அருகிலுள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் மழை பெய்தது. ஆழமாகச் சிதைந்த மண் அவ்வளவு நீரைக் குடித்தால் சரிவுகள் பிடி தளரும். நீலகிரியில் மண்சரிவு அடிக்கடி நேர்வதற்கு இதுவும் காரணம்.

வரையாட்டைக் காக்க 1982இல் சரணாலயமான இப்பகுதி 1990இல் தேசியப் பூங்காவாகி, 2001இல் இன்றைய பெயரைப் பெற்றது. 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் உலகப் பாரம்பரியக் களங்களுள் சேர்ந்தது. அந்நிய மரங்களை அகற்றிப் புல்லை மீட்பதே இங்கு இப்போது முதல் வேலையாக இருக்க வேண்டும். ஏனெனில் பைக்காரா, பவானி ஆறுகள் நீர் பெறுவது இந்த மேட்டுநிலத்திலிருந்துதான்.